முதல் கன்று தலைவி வீட்டில்

போன வருஷம் ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி வரைக்கும் நான் மழையில் மட்டும்தான் வெளியே நடந்தேன். தூறல் போதாது, நன்றாகப் பிடித்துப் பெய்ய வேண்டும். ஊரே கொடியில் கிடக்கும் துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடும் நேரத்தில் நான் குடையை விரித்துக்கொண்டு இறங்குவேன். தெருக்கோடி மாரியம்மன் கோயில்வரை போய்விட்டுத் திரும்புவேன். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்கு இன்னா, மூளை கீளை கொழம்பிடுச்சா?" என்று கேட்டாளாம். கேள்வியை என்னிடம் வந்து சொன்னவர்கள், அதற்குத் தாங்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

காரணம் சின்னதுதான். மழையில் தேனீ பறக்காது. இன்னொரு தடவை ஒரு தேனீ கொட்டினால் என் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தேனீ. அத்தனையையும் ஊருக்குள் கூப்பிட்டு வந்தவளும் நான்தான்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. கரும்பு, நெல், கொஞ்சம் பந்தல் காய். எதிர்வீட்டுக்காரி அரை ஏக்கரில் பாகல் பந்தல் போட்டிருந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள், நான் அவளை வாடி போடி என்பேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் பந்தலில் மஞ்சள் மஞ்சளாகப் பூ பூத்ததே தவிர காய் பிடிக்கவில்லை. பெண்பூவின் அடியில் விரல் நுனி அளவு பிஞ்சு தெரியும், நாலு நாளில் பழுத்து உதிர்ந்துவிடும். விடிந்ததும் அவளும் அவள் மாமியாரும் ஆண்பூவைப் பறித்து ஒவ்வொரு பெண்பூவிலும் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்குப் பூ வாடிவிடும். அதற்குள் பாதிப் பந்தல்கூட முடிந்திருக்காது.

சங்கராபுரம் சந்தைக்கு மலையிலிருந்து புளியும் கடுக்காயும் சாமையும் கொண்டு வந்து விற்கிற ஒரு பெண் எனக்குப் பழக்கம். ஒருநாள் இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். புளி உருண்டையைத் தராசில் வைத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க ஊர்ல இந்த வேலய வண்டு பாக்குது. உங்க ஊர்ல பொம்பளைங்க பாக்குறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. சிரித்தால் தாங்கிக்கொள்கிற பிறவி இல்லை நான். அந்த வாரமே எங்கள் மகளிர் குழுவில் பேச்சை எடுத்தேன். பதினெட்டுப் பேர் குழு, நான் தலைவி. வரப்பெல்லாம் களைக்கொல்லி அடித்து மொட்டையாகக் கிடந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டுமென்றால்கூட சங்கராபுரத்துக்கு பஸ் ஏறிப்போய் வாங்கி வந்துகொண்டிருந்தோம். பூவே இல்லாத ஊருக்கு வண்டு எதற்கு வரும்? இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, கண்ணைத் திறந்து பார்த்தால் போதுமாக இருந்தது.

மலையடிவாரத்தில் போய் விதை பொறுக்கினோம். அந்த மலைக்காரியும் ஒரு பை நிறையக் கொடுத்தாள். ஆவாரை, துத்தி, தும்பை, நொச்சி, கொன்றை, புங்கன் என்று எதெல்லாம் இந்த மண்ணில் தானாக முளைத்துக் கிடந்ததோ அதையெல்லாம் காலிப் பால் பாக்கெட்டில் மண் போட்டு வளர்த்தோம். நாற்று வளர்ப்பதில் எதிர்வீட்டுக்காரிக்குக் கைராசி. அவள் பொறுப்பில்தான் மொத்த நாற்றும் இருந்தது. ஆண்கள் எங்களுக்குக் களைச் சங்கம் என்று பேர் வைத்தார்கள். "கூலி ஆளு வெச்சி களை எடுக்குறோம் நாங்க, நீங்க இன்னாடான்னா பூஜ போட்டு களை நட்டுகினு இருக்கீங்க" என்று டீக்கடையில் உட்கார்ந்து கிண்டல். நான் போய் அந்த டீக்கடை வாசலிலேயே ஒரு புங்கன் நட்டுவிட்டு வந்தேன்.

சட்டம் இரண்டு போட்டோம். பூ பூத்திருக்கும்போது காலையில் மருந்து அடிக்கக் கூடாது, வெயில் இறங்கின பிறகுதான் அடிக்க வேண்டும். குழு நட்ட செடியை யாராவது வெட்டினால் கூட்டத்தில் எழுந்து நின்று தப்பு என்று சொல்லி, அதே இடத்தில் ஒன்றுக்குப் பத்தாக நட வேண்டும். இரண்டையும் நோட்டில் எழுதியது என் கையெழுத்து.

இன்னொன்று யாரும் எழுதாமலே வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமானாலும் முதல் மரியாதை என்று ஒன்று உண்டு. முதல் வருஷம் நடவு அன்று வயசில் மூத்த உறுப்பினர் ஒருத்தி, "மொதல் கன்னு லீடர் வூட்டாண்ட நட்டுட்டு அப்பால வரப்புக்குப் போவலாம்" என்றாள். ஒவ்வொருத்தியும் ஆளுக்கு ஒரு கன்றை என் வீட்டில் நட்டுவிட்டுத்தான் வரப்புக்குப் போனார்கள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. மூன்று வருஷம், ஒவ்வொரு வருஷமும் மூன்று நாலு நடவு, ஒவ்வொரு நடவுக்கும் பதினேழு கன்று. என் வீட்டு மனை ஏழு சென்ட். நான் ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை. சொல்வேனா? பதினேழு பெண்கள் குனிந்து என் வாசலில் குழி தோண்டுவதைப் படியில் நின்று பார்க்கும்போது எனக்குத் தலைகால் புரியாது. எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் வருஷம் என் வீடு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காம்பவுண்டுக்கு மேலே நொச்சி, படிக்கு இரண்டு பக்கமும் ஆவாரை, துணி துவைக்கிற கல்லைச் சுற்றித் தும்பையும் துத்தியும். தேனீ வந்தது. கருவண்டு வந்தது, ஆவாரம்பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஙொய் என்று உறுமும். எதிர்வீட்டுப் பந்தலில் காய் பிடித்தது. முதல் காய் எடுப்பு அன்று அவள் ஒரு கூடைப் பாகற்காயை என் காலடியில் வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பொய் இல்லை, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட வந்ததில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்து போட்டோ எடுத்தார்கள். நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். "தேனீ தானா வந்து யாரையும் கொட்டாது. நாமதான் அதுக்கு ஏதாச்சும் எடஞ்சல் பண்ணியிருப்போம்" என்று நான் சொன்னது யாரோ ஒருவர் போனில் இன்னும் இருக்கும்.

அதே வருஷம் எதிர்வீட்டுக்காரியின் மகளை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை, வாசலில் வைத்துத் தேனீ கொட்டிவிட்டது. கண்ணுக்குக் கீழே. முகம் ஒரு பக்கம் வீங்கி, பிள்ளை இரண்டு நாள் கண் திறக்கவில்லை. தாய்க்காரி ஆத்திரத்தில் அரிவாளை எடுத்துத் தன் வாசலில் இருந்த இரண்டு துத்தியையும் ஒரு நொச்சியையும் வெட்டிப் போட்டுவிட்டாள். கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"சுண்ணாம்பு தடவுனா சரியாப் போவுது. அதுக்குப் போய் செடிய வெட்டுவியா நீ?"

"கொழந்த அழுவுறத பாக்க முடியலக்கா."

"எல்லாரும் இப்டியே ஆளுக்கொரு காரணம் சொன்னா சட்டம் எதுக்கு?"

அவள் கையைக் கும்பிட்டு, "தப்புதான்க்கா" என்றாள். மூன்றுக்கு முப்பதாக நட்டாள். நான் தலைவியாக இருப்பதற்கு லாயக்கானவள் என்று அன்றைக்கு என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் ஒரு காலை, கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன். மடிப்பில் ஒரு தேனீ இருந்திருக்கிறது. சுரீரென்றது. சுண்ணாம்பு எடுக்க உள்ளே போனேன். டப்பாவைத் திறப்பதற்குள் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது, அப்புறம் உள்ளங்கால், அப்புறம் உதடு தடித்தது. தொண்டையை உள்ளிருந்து யாரோ இறுக்குகிற மாதிரி இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அடுப்படியில் விழுந்த டப்பாவின் சத்தம் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். எதிர்வீட்டுக்காரி ஸ்கூட்டியை எடுத்தாள். என்னை நடுவில் வைத்து, அவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்கு அவள் ஓட்டின வேகம் எனக்கு நினைவில்லை. பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அங்கே ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து கட்டிலருகே நின்றார். சின்ன வயசுப் பெண்.

"இதுக்கு முன்னாடி கொட்டியிருக்காம்மா?"

"எத்தினியோ தபா கொட்டியிருக்குது. ஒண்ணும் பண்ணதில்ல."

"ஒவ்வொரு தடவையும் உடம்பு ஞாபகம் வெச்சிருக்கும்மா. அடுத்தது இதைவிட மோசமாவும் போகலாம். உயிருக்கு ஆபத்து. கொட்டாம பாத்துக்கிறதுதான் முதல் மருந்து."

ஊசியும் மருந்தும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். எப்படிப் போடுவது என்று என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார். வாசனைப் பவுடர் வேண்டாம், தலையில் பூ வைக்க வேண்டாம் என்றார். பூ வேண்டாம் என்றதும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது என்னைப் போர்வையால் மூடி உள்ளே கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார். ஓட்டைக்கெல்லாம் துணி அடைத்தார். வெளியே நொச்சி பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த ரீங்காரம் காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். பத்து மணிக்கு உச்சத்துக்குப் போகும், மத்தியானம் கொஞ்சம் அடங்கும், மூன்று மணிக்கு மறுபடியும் ஏறும். கடிகாரம் பார்க்காமலே எனக்கு மணி தெரிந்தது. பொழுது சாய்ந்த பிறகு வாசற்படியில் போய் நிற்கலாம் என்றாலும் காலை எடுத்து வைக்கப் பயம். எங்கேயாவது இலைக்கடியில் ஒன்று தங்கியிருந்தால்? சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போதுகூடத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். வயலைப் பார்த்து மாதக்கணக்கு ஆயிற்று. என் வீடு, நான் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு, அதில் எனக்கு மூச்சு முட்டியது.

ஒருநாள் வலையைத் தாண்டி எப்படியோ ஒரு தேனீ உள்ளே வந்துவிட்டது. நான் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டேன். வேர்த்துக் கொட்டியது. அது டியூப்லைட்டில் போய் முட்டி முட்டி விழுந்தது. என்னைத் தேடி வரவில்லை, வெளியே போக வழி தேடியது. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் விளக்குமாற்றை எடுத்து அடித்தேன். செத்த பிறகும் அடித்தேன். அடித்து முடித்து, தரையில் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம். தேனீயைக் காப்பாற்றச் சொல்லி ஊர் ஊராகப் பேசினவளுக்கு ஒரு தேனீயை நசுக்கியதில் அவ்வளவு சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஒரு காலையில் அரிவாளைத் தீட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினார். நான் உள்ளேயிருந்தே கத்தினேன்.

"இன்னா பண்றீங்க? லீடர் வூட்டுக்காரரே செடிய வெட்டுனார்னு ஊர் சிரிக்கணுமா? வெச்சிட்டு உள்ள வாங்க!"

"செத்துட்டா ஊரு இன்னா பண்ணும்?" என்றார்.

ஆனாலும் வைத்துவிட்டு வந்தார். எனக்கும் வெட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அது எங்கள் வீட்டிலிருந்து வரக் கூடாது. குழு வெட்ட வேண்டும், குழுவே முடிவெடுத்து, வற்புறுத்தி, எனக்காக வெட்ட வேண்டும். அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டுப் பந்தல் காய்த்துக் கொட்டியது. தினமும் ஒரு பை பாகற்காய் வந்துவிடும். வாசலில் நின்று புடவையை உதறி, பையை மூன்று தடவை உதறி, கதவைப் பாதி திறந்து பக்கவாட்டில் நுழைந்து வருவாள். கூட்டு, வறுவல், குழம்பு, பிட்லை என்று எல்லாம் செய்தாகிவிட்டது. "போதும்டி, நாக்கே கசக்குது" என்றால், "ஒன்னாலதான காய்ச்சிது, நீ துன்னாம யாரு துன்றது" என்பாள்.

புரட்டாசியில் குழுக்கூட்டம் என் வீட்டிலேயே நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பதினெட்டுப் பேர், ஒரு ஃபேன். எல்லாரும் கூடவே துணிப்பை வைத்திருந்தார்கள். முதல் கன்று என் வீட்டில் நடச் சொன்ன அந்த மூத்தவள்தான் பேசினாள்.

"லீடரக்கா, நாங்க எல்லாரும் பேசிக்கினோம். உங்க வூட்ட சுத்தி இருக்கிறத மட்டும் எடுத்துடலாம். வரப்புல இருக்கிறது இருந்துகினு போவட்டும். அருவா கொண்டாந்துக்கிறோம்."

பைக்குள் அரிவாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாடா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

இங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது. எங்கள் ஊரில் யாரும் எதற்கும் முதல் தடவையே சரி என்று சொல்வதில்லை. விருந்தாடியைச் சாப்பிடக் கூப்பிட்டால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். மறுபடி கூப்பிட்டால் வேண்டாங்க என்பார். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால் வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவார். வேண்டாம் என்பதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறவன் எங்கள் பக்கத்தில் மனுஷனே இல்லை. நானும் அந்த ஊரில் வளர்ந்தவள்தானே. பழக்கதோஷத்தில் சொன்னேன்.

"வோணாம். என் ஒருத்திக்காக ஒரு செடியக்கூட வெட்ட வோணாம். நான் செத்தாலும் பரவால்ல."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. ஆனால் சொல்லும்போது நன்றாக இருந்தது. சொல்லிவிட்டு இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தேன்.

ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூத்தவள் எழுந்து வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "இந்த மனசு யாருக்கு வரும்?" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். டீ குடித்தார்கள். அரிவாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வலதுகாலை வெளியே வைத்து, கதவை உஷாராகச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் வாசற்படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

நான் டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"வெட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னொரு தபா கேப்பாங்கன்னு நெனச்சேன்."

"உன்னாண்டயா? உன்னாண்ட எவ ரெண்டாவது தபா கேட்டுகினு நிப்பா?"

அவர் சொன்னது சரி. மூன்று வருஷமாக நான் சொன்னால் சொன்னதுதான் என்று அவர்களைப் பழக்கி வைத்திருந்தது நான். விருந்தாடி வேண்டாம் என்றால் கையைப் பிடித்து இழுப்பவர்கள், தலைவி வேண்டாம் என்றால் இழுப்பார்களா?

நான் உயிரைக்கூடப் பொருட்படுத்தாமல் செடியைக் காப்பாற்றின கதை பரவிவிட்டது. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் குழு வேன் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தது. வலைக்குப் பின்னால் நின்ற என்னை வலைக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள். போகும்போது மரியாதைக்கு என் வாசலில் ஒரு கொன்றைக் கன்றை நட்டுவிட்டுப் போனார்கள். நான் உள்ளேயிருந்து சிரித்த முகமாகக் கையாட்டினேன். அடுத்த வாரம் பின்வாசலுக்கு நேர் எதிரே நொச்சிக் கொம்பில் கொம்புத் தேனீ அடை வைத்தது. முதலில் உள்ளங்கை அளவு இருந்தது, பத்து நாளில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிட்டது. பின்பக்கக் கதவையும் ஆணி அடித்து மூடினோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு மத்தியானம் எதிர்வீட்டுக்காரி பை இல்லாமல் வந்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ வோணாம்னது நெசமா?"

"நெசந்தான்."

"நெசமாவா?"

"ஆமாண்டி. இன்னா இப்ப அதுக்கு?"

அவள் எழுந்து போகவில்லை. அடுப்படி அலமாரியில் இருந்த ஊசி டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பயமா இல்லியாக்கா ஒனக்கு?"

மூன்றாவது தடவை கேட்டுவிட்டாள். எனக்கு உடைந்துவிட்டது. "பயமா இருக்குதுடி. தெனமும் சாவுறேன். வெட்டிடு. அல்லாத்தையும் வெட்டிப் போட்டுடு" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது ஓய்ந்த பிறகு எனக்கு உறைத்தது. இங்கே பூ போனால் அவள் பந்தலுக்குத்தான் முதல் அடி.

"உன் காய் இன்னா ஆவுறது?"

"இன்னும் மூணு எடுப்பு இருக்குது. கம்மியா வந்தா வந்துட்டுப் போவுது."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"நான் சொல்லித்தான் வெட்டுனேன்னு யாராண்டயும் சொல்லிடாதடி."

அவள் கை என் முதுகில் நின்றது. பிறகு மறுபடியும் தடவ ஆரம்பித்தது.

"சரிக்கா" என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்தாள். உரச்சாக்கை முக்காடாகப் போட்டிருந்தாள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மழையில் வெளியே இறங்கி அவளோடு சேர்ந்து வெட்டியிருக்கலாம், பயம் ஒன்றும் இல்லை. யாராவது பார்த்துவிட்டால் என்று உள்ளேயே நின்றேன். ஆவாரை, துத்தி, நொச்சி, கொன்றை என்று ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. அவள் பால் பாக்கெட்டில் முளைக்க வைத்த செடிகள். மலைக்காரி எப்போதோ சொல்லியிருந்தபடி, அடை இருந்த கொம்பை ஆட்டாமல் அறுத்து, கையில் தூக்கிக்கொண்டு போய்த் தன் பந்தல் ஓரத்தில் கட்டினாள். இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு அந்தத் தேனீக்கள் எங்கோ போய்விட்டன.

மழை விட்டு வெயில் வந்தது. நான் என் வாசலில் நின்றேன். மொட்டை மண்ணில் செருப்பில்லாமல் நடந்தேன், தலைக்குமேல் துண்டை உதறி உதறிக் கொடியில் போட்டேன், அழுகை வந்தது. அந்த சந்தோஷத்தையும் மறைக்க முடியாது. நாலு நாள் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

கார்த்திகைக் கூட்டத்தில் எல்லாரும் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கண் என் வீட்டுக்காரர் செருப்பு கிடந்த பக்கம் போனது. யார் வெட்டினது என்று மூத்தவள் கேட்டு முடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரி எழுந்து நின்றாள்.

"நான்தான் வெட்டுனேன். லீடரக்கா வோணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் மனசு கேக்காம, அவங்க தூங்கிகினு இருக்கறப்போ வெட்டிட்டேன்."

"ரெண்டாவது தபாடி இது" என்று ஒருத்தி கத்தினாள். "உயிரே போனாலும் பரவால்லன்னு அந்தம்மா சொல்லுது, அத மீறி கை வெக்க இன்னா தைரியம் இருக்கணும்" என்றாள் இன்னொருத்தி. சட்டப்படி அதே இடத்தில் ஒன்றுக்குப் பத்து என்று யாரோ நோட்டைப் புரட்டினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அது சத்தியம். தொண்டைவரை வந்தது. அன்று கை தட்டின பதினேழு முகங்கள் எதிரே இருந்தன. சொன்னால் அந்த முகங்கள் எப்படி மாறும் என்று தெரிந்தது. அந்த ஒரு கணத்தில் எனக்கு இன்னொரு வழி கிடைத்தது, கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இந்த ஒரு தபா மன்னிச்சி வுட்டுடலாம். என் மேல இருக்கிற பாசத்துல பண்ணிட்டா. திரும்ப நடவும் வோணாம்."

மறுபடியும் கை தட்டினார்கள். லீடர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். ஆனாலும் செடி விஷயத்தில் இனி இவளை நம்ப முடியாது என்று நாற்றுப் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். தீர்மானத்தில் முதல் கையெழுத்து நான் போட வேண்டும், போட்டேன். அவள் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கையைக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிக்கா" என்றாள். அந்த முகத்தில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. குழுவில் யாருக்கும் இது தெரியாது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை செடியை வெட்டினவள் அவள். அவளை மன்னித்தவள் நான்.